எலி அளந்த வாசல்

"அண்ணே, இன்னும் கொஞ்சம் உங்க பக்கம் சாய்ங்க! அப்படித்தான், இன்னும் கொஞ்சம்!"

"இதுக்கு மேல என் பக்கம் சுவர்தான் சார் இருக்கு."

ஒட்டகச்சிவிங்கியின் வீடு வாசலில் சிக்கி நின்றது. உள்பக்கம் ரெண்டாம் வகுப்பு சாரும் அவருடைய இருபத்தாறு பிள்ளைகளும். வெளிப்பக்கம் தாழ்வாரத்தில், இடுப்பில் சாவிக்கொத்து தொங்க, அட்டெண்டர். நடுவில், புட்டிக்கு அடைத்த தக்கை மாதிரி, ஏழடி உயர வீடு. மணி ஒன்பது இருபது. பதினொரு மணிக்குப் ப்ராஜெக்ட் போட்டி நடுவர்கள் வரும்போது அது மாடி ஹாலில் இருந்தாக வேண்டும்.

சாதாரண அட்டை வீடு என்றால் மடக்கி எடுத்துப் போயிருக்கலாம். இது அப்படியா? ஒன்றரை மாத உழைப்பு. ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டிகள், அவற்றைத் தாங்க மரச்சட்டங்கள், அதற்கு மேல் இருபத்தாறு ஜோடிக் கைகள் அப்பிய காகிதக் கூழ். கூழ் காய்ந்து கல்லாகிவிட்டது. தட்டினால் டங்கென்று சத்தம் வரும்.

எல்லாம் ஒரு படக்கதைப் புத்தகத்தால் வந்த வினை. காட்டு விலங்குகள் சேர்ந்து ஓர் ஒட்டகச்சிவிங்கிக் குட்டிக்கு வீடு கட்டித் தருகின்றன. குட்டி வீட்டுக்குள்ளேயே வளர்ந்துவிடுகிறது. கழுத்து வாசலில் இடிக்கிறது, வெளியே வர முடியவில்லை. "கழுத்தைக் கொஞ்சம் வெட்டிடலாமா?" என்று கரடி கேட்கிறது. உடனே எலி எழுந்து சொல்கிறது: "கழுத்தை வெட்டாதே, வாசலை வெட்டு!" அந்த வரி வந்தால் போதும், வகுப்பே கூரை பறக்கக் கத்தும்.

சார் இந்தக் கதையை முப்பது தடவையாவது வாசித்திருப்பார். உள்ளே இருப்பது பெரிதாகிவிட்டால் வெளியே வராது என்பதுதான் மொத்தக் கதையுமே. அது வாசித்த மனுஷன் மண்டையில் மட்டும் ஏறவில்லை, பாவம்.

அளக்கவில்லையா என்று கேட்பீர்கள். அளந்தார்கள். அங்கேதான் கூத்து. புத்தகத்தில் ஒவ்வொரு விலங்கும் தன் காலால் அளக்கும். சாருக்கு அது ரொம்பப் பிடித்துப்போய், "டேப்பெல்லாம் வேண்டாம், நாமும் சாண் போட்டு அளப்போம்" என்றுவிட்டார். வகுப்பில் இருப்பதிலேயே சின்னவளுக்கு எலி என்று பெயர், பெரியவனுக்கு யானை. ரெண்டும் அவர்களே ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கிக்கொண்ட பெயர்கள். எலி வாசலின் அகலத்தை அளந்தாள்: எட்டுச் சாண். யானை வீட்டின் அகலத்தை அளந்தான்: ஏழு சாண். 'ஏழு எட்டைவிடச் சிறியது. ஆகவே வீடு வாசலில் போகும்' என்று சார் கரும்பலகையில் எழுதி, பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் வரைந்தார்.

அந்த நட்சத்திரத்தை இப்போது பார்த்தார்.

"எலி, இங்க வா. யானை, நீயும் வா. ரெண்டு பேரும் கையை விரிங்க."

யானையின் சாணுக்குள் எலியின் சாண் போக, மூன்று விரல் மிச்சம் இருந்தது.

"என் கை தப்பா சார்?" என்று எலி கேட்டாள்.

"உன் கை சரிதான்மா. சார்தான் தப்பு."

சாருக்கு வியர்த்துக் கொட்டியது. காரணம் இருந்தது. மூன்று வருஷமாக அவர் தற்காலிகம். போன வாரம் தலைமையாசிரியையான பெரிய மேடம் கூப்பிட்டு, "உங்களைப் பெர்மனென்ட் ஆக்கறதா வேண்டாமான்னு இந்த ப்ராஜெக்ட்டைப் பார்த்துட்டுத்தான் முடிவு" என்று சொல்லிவிட்டார். இல்லையென்றால் மச்சான் கடை. மச்சான் குளியலறைக் குழாய்கள் விற்கிறார். குழாய் விற்பது கேவலம் இல்லை. ஆனால் அந்த மச்சான் ஒவ்வொரு விசேஷத்திலும் நாலு பேர் முன்னால் வைத்து, "என்ன மாப்ளே, இன்னுமா டெம்பரரி?" என்று கேட்டுக் கேட்டே மனுஷனைப் பாதியாக்கியவர். அவருக்குக் கீழே நின்று குழாய் திருகிக் காட்டுவதை நினைத்தாலே சாருக்குக் குலை நடுங்கியது.

"அண்ணே, மத்த கிளாஸோடதெல்லாம் ஹாலுக்குப் போயிடுச்சா? தாழ்வாரத்துல சத்தமே இல்லையே!"

"அது வந்து சார், நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

"அய்யோ, எல்லாரும் கொண்டு போயிட்டாங்க! நான் ஒருத்தன்தான் பாக்கி! இழுங்க அண்ணே, பேசாதீங்க, இழுங்க!"

அட்டெண்டர் இழுத்தார். சார் தள்ளினார். பிள்ளைகள் சாரைத் தள்ளினார்கள். வீடு ஒரு சாண் முன்னேறியது, எலியின் சாண். அதோடு இறுகிக்கொண்டது. இப்போது முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை.

"சார், ஒண்ணுக்கு" என்றான் ஒருவன்.

"அடக்கிக்கோப்பா."

"காலையிலேர்ந்தே அடக்கிட்டுத்தான் சார் இருக்கேன்."

ஒன்று சொன்னால் பத்துக்கு வருமல்லவா? வரிசையாகக் கை தூக்கினார்கள். கடைசியில் எலிதான் வழி கண்டுபிடித்தாள். வீட்டுக்கு உள்பக்கம் ஒரு கதவு, வெளிப்பக்கம் ஒரு ஜன்னல். பிள்ளைகள் ஒவ்வொருவராக ஒட்டகச்சிவிங்கி வீட்டுக் கதவில் நுழைந்து, ஜன்னல் வழியாகத் தாழ்வாரத்தில் குதித்து, வேலை முடித்து, அதே வழியில் திரும்பினார்கள். ஒரு தடவை போனவர்கள் இன்னொரு தடவையும் போனார்கள். அவசரம் இல்லாதவர்களும் போனார்கள்.

அந்த ஜன்னலில் திடீரென்று ஒரு மூக்குக் கண்ணாடி தெரிந்தது. பெரிய மேடம்.

"என்ன சார், உள்ளதான் இருக்கீங்களா?"

சார் வீட்டுக்குள் மண்டியிட்டு, ஜன்னலுக்கு நேராக முகத்தை வைத்து, முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தார். "குட் மார்னிங் மேடம்!"

"வீடு ஏன் வாசல்ல நிக்குது?"

"பெயிண்ட் மேடம். காத்து வாங்கட்டும்னு நகர்த்தி வச்சிருக்கேன்."

மேடம் வீட்டைத் தொட்டுப் பார்த்தார். பெயிண்ட் காய்ந்து மூன்று நாளாகிவிட்டது. அவர் விரலைப் பார்த்தார், சாரைப் பார்த்தார். "உங்க பேப்பர் என் மேஜை மேலதான் இருக்கு. பதினொரு மணிக்கு எல்லாம் அதது இடத்துல இருக்கணும்."

"இருக்கும் மேடம், கண்டிப்பா இருக்கும்."

மேடம் போனதும் சார் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. மனைவி.

"என்னங்க, முடிஞ்சுதா?"

"முடிஞ்சிட்டே இருக்கு."

"குரல் ஏன் கிணத்துக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி இருக்கு? எங்க இருக்கீங்க?"

"ஒட்டகச்சிவிங்கி வீட்டுல."

"அண்ணன் போன் பண்ணாருங்க. திங்கக்கிழமை சேர்றதா இருந்தா இன்னிக்கே சொல்லணுமாம். கடைச் சட்டை தைக்கணுமாம், உங்க அளவு கேக்கறாரு."

அளவு என்ற சொல்லைக் கேட்டதும் சார் துள்ளி எழுந்தார். கூரையில் மண்டை இடித்தது. "சாயந்திரம் சொல்றேன்னு சொல்லு" என்று வைத்துவிட்டார்.

"அண்ணே! கிளாஸ் கதவைக் கழட்டுவோம். கதவு நாலு விரல் இடத்தை அடைச்சிட்டிருக்கு."

அட்டெண்டர் திருப்புளியோடு ஜன்னல் வழியாக நுழைந்தார். தொப்பை பாதியில் நின்றது. பிள்ளைகள் பத்துப் பேர் கையைப் பிடித்து இழுக்க, ஒரு வழியாக உள்ளே வந்து விழுந்தார். "சார், ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தார்.

"அப்புறம் அண்ணே! மணி பத்து!"

கீலில் இருந்த ஆணிகள் துருப்பிடித்துக் கிடந்தன. மூன்று வந்தன. நாலாவது வரமாட்டேன் என்றது. சார் கதவைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டினார். நாலாவது ஆணி வந்தது, கூடவே கதவும் வந்தது. பிள்ளைகளை ஒதுக்கித் தள்ளிவிட்டு சார் பாய்ந்து விலக, கதவு அவருடைய நாற்காலி மேல் விழுந்தது. நாற்காலி மூன்று காலாகிவிட்டது.

சொன்ன நாலு விரல் இடம் கிடைத்தது. வீடு நாலு விரல் போய் மறுபடி நின்றது.

அப்போதுதான் பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். "வாசலை வெட்டு." இன்னொரு குரல் சேர்ந்தது. பத்தாகி இருபதாகி, கடைசியில் இருபத்தாறு தொண்டையும் சேர்ந்து அலறியது.

"கழுத்தை வெட்டாதே! வாசலை வெட்டு!"

"சத்தம் போடாதீங்க! மேடம் வந்துடுவாங்க!" என்று கத்திய சார், கதவு நிலையை நிமிர்ந்து பார்த்தார். மேலே மரச்சட்டம் போட்ட வென்டிலேட்டர். பக்கத்துக்கு ஒரு கை அகல நிலைக்கட்டை. அதெல்லாம் இல்லையென்றால்...

"அண்ணே, தோட்டத்துக் கடப்பாரை எங்க இருக்கு?"

அட்டெண்டர் தலையைச் சொறிந்தார். "சார், இந்த வீட்டை இவ்வளவு கஷ்டப்பட்டு எதுக்கு..."

"கேள்வி கேக்காதீங்க அண்ணே, என் வாழ்க்கையே இதுலதான் இருக்கு! சாயந்திரமே ஆள் வச்சு, யாருக்கும் தெரியாம பூசிடலாம்."

படித்த மனுஷன், ஏதோ காரணம் இருக்கும் என்று அட்டெண்டர் நினைத்துக்கொண்டார். கடப்பாரை வந்தது.

வென்டிலேட்டர் ஒரே நெம்பில் வந்துவிட்டது. சாருக்கே தைரியம் வந்துவிட்டது. நிலைக்கட்டையை நெம்பினார். அதுவும் வந்தது. அதோடு நின்றிருக்கலாம். நிலையை நம்பி நின்றிருந்த காரையும், காரையை நம்பி நின்றிருந்த செங்கல்லும் பொலபொலவென்று உதிர்ந்தன. புழுதி அடங்கியபோது, வாசல் இருந்த இடத்தில், மேலே உத்தரம் வரைக்கும் ஒழுங்கில்லாமல் பிளந்த ஒரு பெரிய ஓட்டை இருந்தது. வகுப்பில் இத்தனை வெளிச்சம் இதற்கு முன் வந்ததே இல்லை.

"ஹை!" என்றார்கள் பிள்ளைகள்.

"அய்யய்யோ!" என்றார் சார்.

வீட்டுக் கூரையில் மாட்டியிருந்த காகிதப் பட்டை கீழே விழுந்து கிடந்தது. பிள்ளைகள் ஆளுக்கு ஓர் எழுத்தாக எழுதியது: 'கழுத்தை வெட்டாதே, வாசலை வெட்டு.' மிதிபட்டுவிடுமே என்று எலி அதை எடுத்துத் தூசி தட்டி, ஓட்டைக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டி வைத்தாள். சார் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. வீடு நகர்ந்துகொண்டிருந்தது! முக்கால்வாசி வெளியே வந்துவிட்டது. அப்புறம் நின்றது. வீட்டின் உச்சியில் ஒட்டகச்சிவிங்கி தலை நீட்டுவதற்காகக் கட்டியிருந்த கழுத்து மாதிரியான கோபுரம், உத்தரத்தில் முட்டிக்கொண்டது.

உத்தரத்தை உடைக்க முடியாது. மாடியே இறங்கிவிடும். மணி பத்தே முக்கால்.

வீட்டுக்கு மரச்சட்டம் அறுத்த ரம்பத்தை சார் எடுத்தார்.

"சார்" என்றாள் எலி. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. "கழுத்தை வெட்டாதேன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

முப்பது தடவை வாசித்த கதை. அந்தக் கோபுரத்துக்கு மஞ்சள் பூசியது இந்தச் சின்னக் கைதான். அவருக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது. ஆனால் மேஜை மேல் பேப்பர் இருந்தது, கடைச் சட்டைக்கு மச்சான் அளவு கேட்டுக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சிடும்மா" என்று சொல்லிவிட்டு அறுத்தார்.

இருபத்தாறு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் அழுதால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாவிட்டால், தெரியாமலே இருங்கள்.

"யாரும் இடத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது! எலிதான் லீடர்!" என்று உத்தரவு போட்டுவிட்டு, சாரும் அட்டெண்டரும் வீட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வெட்டிய கழுத்தை மார்போடு அணைத்துக்கொண்டு யானை பின்னால் விம்மிக்கொண்டே வந்தான். படி திரும்பும் இடத்தில் கூரை தனியாகக் கழன்றது. மேல்படியில் ஒரு பக்கச் சுவர் பிளந்தது. மிச்சமிருந்ததை நெஞ்சோடு தாங்கிப் பிடித்து, பதினொரு மணி அடிக்கும்போது சார் ஹால் கதவைக் காலால் உதைத்துத் திறந்தார்.

ஹால் காலியாக இருந்தது. அடுக்கி வைத்த நாற்காலிகள் மட்டும் இருந்தன.

"எங்க அண்ணே? மத்த கிளாஸோடதெல்லாம் எங்க?"

அட்டெண்டர் கைச்சுமையை இறக்கி வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்தார். "அதைத்தான் சார் காலையிலேர்ந்து சொல்ல வர்றேன். இந்த வருஷம் ஹால் கிடையாது. அவங்களே ஒவ்வொரு கிளாஸா வந்து பார்க்கறாங்க. போன வாரமே சர்க்குலர் வந்துச்சே."

"எனக்கு வரலையே!"

அட்டெண்டர் இடுப்பில் சொருகியிருந்த சர்க்குலர் நோட்டை எடுத்துப் பிரித்தார். முதல் கையெழுத்தே சாருடையது. பாடம் நடக்கும்போது சர்க்குலர் நோட்டு வந்தால் பெயரைத் தேடி, கையெழுத்துப் போட்டு, திருப்பித் தள்ளிவிடுவதுதானே வழக்கம்? கையெழுத்தின் மேல் காய்ந்த காகிதக் கூழ் வேறு ஒட்டியிருந்தது. மறுக்க வழியே இல்லை.

"அப்போ இப்போ அவங்க..."

"நம்ம கிளாஸ்தான் சார் முதல்ல."

சார் வீட்டைத் தூக்கிக்கொண்டு திரும்ப ஓடினார். வீடு என்றா சொன்னேன்? பாதிப்படியில் அதுவும் கையை விட்டது. கீழே வந்து சேர்ந்தபோது சார் கையில் ஒரு ஜன்னல் மட்டும் இருந்தது. மிச்சமெல்லாம் படியெங்கும் கிடந்தது.

தாழ்வார முனையில் நின்று பார்த்தார். பிளந்த வாசல் வழியாக நடுவர்கள் மூன்று பேரும் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். கடைசியாக வந்த நெட்டையான நடுவர் ஓட்டையின் உச்சியை அண்ணாந்து பார்த்தார், உடைந்த செங்கல்லைத் தடவினார், ஏதோ எழுதினார். பெரிய மேடத்தின் முகம் சிவந்திருந்தது. சாரைத் தாண்டிப் போகும்போது, அவர் கையில் இருந்த ஜன்னலை ஒரு பார்வை பார்த்தார்.

"ஒரு மணிக்குப் பேப்பர் வரும். கையெழுத்துப் போட்டு அனுப்பிடுங்க." அவ்வளவுதான் சொன்னார்.

சார் ஓட்டை வழியாக உள்ளே போனார். குனிய வேண்டிய அவசியம் இல்லை.

"என்னம்மா கேட்டாங்க?" என்று எலியிடம் கேட்டார்.

"சுவத்துல நான் ஒட்டினதைப் படிச்சுட்டு, வாசலை யார் வெட்டினதுன்னு கேட்டாங்க சார்."

"நீ என்ன சொன்னே?"

"நம்ம கிளாஸ்தான்னு சொன்னேன். சார்தான் கடப்பாரை புடிச்சாருன்னு சொன்னேன்."

சார் மூன்று கால் நாற்காலியில் உட்காரப் போய், ஞாபகம் வந்து நின்றுகொண்டார். "சிரிச்சாங்களா?"

"இல்ல சார். நோட்டுல எழுதிக்கிட்டாங்க."

அதற்கு மேல் கேட்க எதுவும் இல்லை. புகார்தானே எழுதியிருப்பார்கள்? சார் மனைவிக்குப் போன் செய்தார். "உங்க அண்ணன்கிட்ட சொல்லிடு. மார்பு முப்பத்தெட்டு. திங்கக்கிழமை வர்றேன்." அந்தப் பக்கத்தில் அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. சார் அளவுகோலையும் படக்கதைப் புத்தகத்தையும் பைக்குள் வைத்தார். பிறகு புத்தகத்தை வெளியே எடுத்து எலியிடம் கொடுத்தார். "நீயே வச்சுக்கோ. இதைச் சரியாப் படிச்சவ நீ ஒருத்திதான்."

சரியாக ஒரு மணிக்கு அட்டெண்டர் வந்தார். கையில் நோட்டு, அதன் மேல் ஒரு நீளமான பேப்பர். சார் அதைப் பார்க்கவே இல்லை. பேனாவை எடுத்தார், கடைசி வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டார், திருப்பித் தள்ளினார்.

"சார்! இப்பவும் படிக்காமலே போடறீங்களே!"

"இதுல படிக்க என்ன அண்ணே இருக்கு? வேலை போச்சுன்னு மூணு பத்தியில எழுதியிருப்பாங்க. போகட்டும். படியில கிடக்கற வீட்டை மட்டும் பத்திரமா எடுத்து வைங்க. பசங்க ஒட்ட வச்சு விளையாடுவாங்க."

அட்டெண்டர் பேப்பரை உதறிப் பிரித்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"நீங்க பெர்மனென்ட்டுன்னு எழுதியிருக்கு சார், முதல் பரிசும் நமக்குத்தானாம், அந்த ஒடைஞ்ச வாசலுக்கு. ஒடைக்கச் சொன்னதே தான்தான்னு மேடம் அவங்ககிட்ட பெருமையா சொல்லிட்டாங்க, வாசல்ல யாரும் கை வைக்கக் கூடாதாம், படியில கிடக்கற அந்தக் குப்பையை மட்டும் உடனே அள்ளச் சொன்னாங்க!"